சிற்றோவியங்களில் பாட்டும் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீணை வகுப்பில் ராகம் சொல்லிக்கொடுக்கும்போது நடுவே ஒரு ராஜஸ்தானி ஓவியத்தையோ காங்க்ரா ஓவியத்தையோ எடுத்துக் காட்டுவது என் வழக்கம். பிள்ளைகள் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கும் அம்மாக்களும் தாத்தா பாட்டிகளும்தான் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

"மினியேச்சர்னா சின்னப் படம்னுதானே அர்த்தம்?"

இன்றைக்கு அப்படித்தான் ஆகிவிட்டது. ஆனால் சொல்லின் வேர் 'மினியம்' என்ற லத்தீன் சொல்லில் இருக்கிறது. ஈயத்திலிருந்து செய்யும் செந்நிறப் பொடிக்கு அந்தப் பெயர். ஐரோப்பாவில் கையெழுத்து ஏடுகளை அழகுபடுத்த அந்தச் சிவப்பைப் பயன்படுத்தினார்கள். சின்னது என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் தமிழில் சிற்றோவியம் என்கிறோம். பெரும்பாலான படங்கள் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் என்பதால் அந்தப் பெயரிலும் தப்பில்லை.

மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டிக் கெட்டியாக்குவார்கள். இதற்கு வஸ்லி என்று பெயர். அதைக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால் வரைவார்கள். செந்தூரம், பச்சைக் கல், நீலக் கல், சங்கு வெள்ளை, தங்கம் என்று எல்லாம் இடித்து அரைத்த வண்ணம். பசோலி ஓவியர்கள் ஒரு படி மேலே போய், நகையில் மரகதம் பதித்த மாதிரி தெரிவதற்குப் பொன்வண்டின் சிறகோட்டை வெட்டி ஒட்டினார்கள். அச்சில் பார்த்தால் வெறும் பச்சைப் புள்ளி. நேரில் படத்தைச் சற்றுச் சாய்த்தால்தான் மின்னும்.

"இதெல்லாம் எந்த ஊர்ப் படம்?"

ராஜஸ்தானில் மேவார், பூந்தி, கோட்டா, கிஷன்கர், ஜெய்ப்பூர் மாதிரியான அரசுகள். இமயமலை அடிவாரத்தில் பசோலி, குலேர், காங்க்ரா, சம்பா. இவற்றைச் சேர்த்துப் பஹாரி, அதாவது மலைநாட்டு ஓவியம் என்பார்கள். தக்காணத்தில் பீஜப்பூர், ஹைதராபாத் பக்கமும் உண்டு. பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வரைந்தவை.

ராஜஸ்தான், மலைநாடு இரண்டையும் 'ராஜபுத்திர ஓவியம்' என்று ஒரே தலைப்பில் சேர்த்து, 1916இல் பெரிய நூலாக எழுதி உலகத்தைப் பார்க்கவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தந்தை முத்து குமாரசுவாமி ஈழத் தமிழர். இதைச் சொன்னால் தாத்தாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறார்கள்.

"சாமி படம்னா சாமி மட்டும் இருந்தா போதாதா? எதுக்கு இவ்வளவு மத்தளமும் ஆட்டமும்?"

அந்தக் காலத்து வடநாட்டு பக்தி பாட்டில்தான் ஓடியது. சூர்தாசர் முதலான எட்டுக் கவிகளை, வல்லபாசாரியர் வழிவந்த கிருஷ்ண பக்தர்களான வல்லப சம்பிரதாயத்தார் 'அஷ்டசாப்' என்று கொண்டாடுகிறார்கள். கண்ணனை ஸ்ரீநாத்ஜி என்று வணங்கும் அவர்கள் கோயிலில் ஒரு நாளில் 8 தரிசனம். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வேளைக்குரிய ராகத்தில் கீர்த்தனை. அந்தச் சன்னதியை வரையும் ஓவியர் ஓரத்தில் பகவாஜ் என்ற மத்தளம், தம்புரா சகிதம் பாடகரையும் வரைந்துவிடுவார். விளக்கை வரைகிற மாதிரிதான் அதுவும். பாட்டில்லாத பூஜை அவருக்குப் பழக்கமில்லை.

தவிர, கதையே அப்படி. கண்ணன் குழல் ஊதுகிறான், காளிங்கன் தலையில் ஆடுகிறான், நிலவில் கோபியரோடு வட்டமிடுகிறான். சிவன் அந்தி வேளையில் ஆடுகிறார். இதில் இசையையும் ஆட்டத்தையும் எடுத்துவிட்டால் வரைய என்ன மிஞ்சும்?

"குழல் ஊதுற படத்துல மாடு, மான் எல்லாம் ஏன் பொம்மை மாதிரி நிக்குது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாகவதம் பத்தாம் கந்தத்தில் வேணு கீதம் என்றொரு பகுதி. குழலோசை கேட்டுப் பசுக்கள் காதை நிமிர்த்தி நிற்கின்றன. கன்றுகள் குடித்த பாலை விழுங்க மறந்து வாயிலேயே வைத்திருக்கின்றன. ஆறுகூட ஓடுவதை விட்டு அவன் காலைப் பற்ற வருகிறது. ஓவியருக்கு ஓசையை வரைய வழியில்லை. ஓசை பட்ட இடத்தை வரையலாம். அதனால் குழலை ஒரு சிறு கோடாகப் போட்டுவிட்டு, காங்க்ரா ஓவியர் தன் உழைப்பையெல்லாம் மாட்டின் காதிலும் கண்ணிலும் கொட்டுகிறார்.

நம் பெரியாழ்வார் இதே காட்சியைப் பாடும்போது, மான்கள் மேய்ச்சலை மறந்து, தின்ற புல் கடைவாயில் ஒழுக, அசையாமல் எழுதிய சித்திரம் போல நின்றன என்கிறார். கவிஞர் குழல் கேட்ட மானைச் சித்திரம் என்றார். பல நூற்றாண்டு கழித்து, அவரைக் கேள்விப்பட்டிராத மலைநாட்டு ஓவியர் அந்தச் சித்திரத்தைத் தாளில் போட்டார். இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் ஒரு ஐந்து நிமிடம் தாமதமாகிவிடும்.

"ராகமாலான்னா நம்ம ராகமாலிகைதானே?"

இல்லை. ராகமாலிகை ஒரு பாட்டு. சரணத்துக்குச் சரணம் ராகம் மாறும். ராகமாலா என்பது ஓவியத் தொகுப்பு. ஒரு ராகத்துக்கு ஒரு படம் என்று வரைந்து கட்டாக வைத்திருப்பார்கள். ராகம் ஆணாகவோ பெண்ணாகவோ, தெய்வமாகவோ, ஏங்கும் காதலியாகவோ உருவெடுத்து வரும்.

"அதுல எத்தனை படம் இருக்கும்?"

ராஜஸ்தானில் வழக்கமாக 36. ஆண் ராகம் 6, ஒவ்வொன்றுக்கும் 5 மனைவி, அவர்கள் ராகினிகள். மலைநாட்டில் குடும்பம் பெரிசு. ரேவா அரசவைப் புரோகிதர் க்ஷேமகர்ணர் 1570இல் எழுதிய நூலை அங்கே பின்பற்றினார்கள். அதில் ஒவ்வொரு ராகத்துக்கும் 5 மனைவி போக 8 பிள்ளைகள். 6 குடும்பத்துக்கும் சேர்த்து 84. ராகங்களின் ஓசையை அவர் விலங்கின் குரலோடும் வீட்டுச் சத்தங்களோடும் ஒப்பிட்டு எழுதிவைத்ததால், பஹாரி ராகமாலாவில் திடீரென்று கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பெண் மாதிரி காட்சிகள் வரும். அதைப் பார்த்து இதில் சங்கீதம் எங்கே என்று தேடாதீர்கள். ராட்டினச் சத்தம்தான் சங்கீதம்.

"நான் தோடி பாடத் தெரிஞ்சவ. தோடிப் படத்தைப் பார்த்தா நம்ம தோடி மனசுல ஓடவே மாட்டேங்குதே?"

ஓடாது. அவர்களுடைய தோடி வேறு. நம் தோடி 8ஆவது மேளம், அதாவது தாய் ராகம். அதன் ஸ்வரங்கள் இன்றைய வடநாட்டில் பைரவிக்குரியவை. அவர்கள் தோடி என்று பாடுவது நமக்குச் சுபபந்துவராளி. அதுவும் இன்றைய கணக்குதான். 17ஆம் நூற்றாண்டில் படம் வரைந்த காலத்தில் அந்தப் பெயரில் என்ன பாடினார்கள் என்பதை இன்றைய ஸ்வரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னும் வேடிக்கை ஹிந்தோளம். ஹிந்தோலம் என்றால் ஊஞ்சல். அதனால் ஹிந்தோல் ராகப் படத்தில் தலைவன் ஊஞ்சலில் இருப்பான், பெண்கள் ஆட்டிவிடுவார்கள். ஆனால் நாம் ஹிந்தோளம் என்று பாடுவது அங்கே மால்கௌன்ஸ். மால்கௌன்ஸ் படத்தில் ஊஞ்சல் கிடையாது. ஆசனத்தில் ஒரு ராஜா வெற்றிலையும் கையுமாக உட்கார்ந்திருப்பார். என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நாம ராஜாவைத்தான் இத்தனை நாளா ஊஞ்சல்னு நினைச்சுப் பாடினோமா" என்றாள்.

"அப்ப ஸ்வரத்தைப் பார்த்து வரையலைன்னா, எதைப் பார்த்து வரைஞ்சாங்க?"

செய்யுளைப் பார்த்து. ஒவ்வொரு ராகத்துக்கும் தியான சுலோகம் உண்டு. இன்ன நிறம், இன்ன உடை, கையில் இன்னது, இன்ன இடத்தில் இருக்கிறாள் என்று அது சொல்லும். பாடுகிறவர் ராகத்தை எடுப்பதற்கு முன் அந்த உருவத்தை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது கருத்து. ஓவியர் வரைந்தது அந்தச் சுலோகத்தை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால்தான் ராஜஸ்தானிப் படங்களில் மேலே மஞ்சள் பட்டையில் செய்யுள் எழுதியிருக்கும். பஹாரிப் படங்களில் எழுத்து பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும். இணையத்தில் முன்பக்கத்தை மட்டும் போட்டு நம்மைத் தவிக்கவிடுகிறார்கள்.

ராகத்துக்கு வேளையும் பருவமும் இடமும் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் தொல்காப்பியத்தைக் காட்டுவேன். திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது, ஒரு நிலம். கருப்பொருளில் தெய்வம், மரம், பறவையோடு பறையும் யாழும் சேர்ந்தே வருகின்றன. முல்லை என்று சொன்னதும் மாலையும் கார்காலமும் காத்திருப்பும் நமக்கு வந்துவிடுகிறது இல்லையா? அதே மாதிரி மேகமல்லார் என்று சொன்னதும் அங்கே கருமேகம், மயில், ஆடும் நீலநிறத் தலைவன் எல்லாம் வந்துவிடும். இது அதிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. திணை தெரிந்தவர்களுக்கு ராகமாலா சீக்கிரம் பிடிபடும், அவ்வளவுதான்.

"படத்தை மட்டும் பார்த்து ராகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?"

சிலதை முடியும். காட்டில் வீணையோடு ஒரு பெண், அருகே மான்கள் என்றால் தோடி. குன்றின்மேல் மயில்பீலி உடுத்த வேட்டுவப் பெண், சந்தன மரத்திலிருந்து பாம்புகள் இறங்கி அவளிடம் வருகின்றன என்றால் ஆசாவரி. தாமரைக் குளத்து நடுவே சிவலிங்கம், முன்னால் தாளம் தட்டிப் பாடும் பெண் என்றால் பைரவி. தூங்கும் பெண்ணை விட்டுவிட்டு விடியலில் கிளம்பும் ஆண் என்றால் லலித். தேசாக் என்ற ராகினிக்கு மட்டும் மல்லர்கள் கரணம் அடிப்பார்கள், கம்பத்தில் ஏறுவார்கள். முதல்முறை பார்த்தபோது படம் மாறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஊருக்கு ஊர் மாறும். வாரணாசிக்கு அருகே சுனாரில் 1591இல் வரைந்த தொகுப்பை வைத்துக்கொண்டு பூந்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதே அமைப்பில் வரைந்தார்கள். மலைநாட்டுத் தொகுப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. மேலே பெயர் எழுதியிருந்தால் அதை நம்புங்கள், இல்லாவிட்டால் அடக்கி வாசியுங்கள்.

"பாதிப் படத்துல காதலனும் காதலியும்தான் இருக்காங்க. இது பக்திப் படமா?"

ராகமாலா முழுவதையும் பக்திப் படம் என்று சொன்னால் அது மிகை. அரசர்கள் ரசனைக்காகவும் வரையவைத்தார்கள். பைரவ ராகம் சிவனாகவே வரும். கம்பாவதி ராகினி பிரம்மாவைப் பூஜிப்பாள். இவை நேரடி பக்தி. மற்றதில் தலைவனுக்கு நீல நிறமும் மயில்பீலியும் கொடுத்துவிட்டால் போதும், காதல் படம் கண்ணன் படமாகிவிடும். காதலுக்கும் பக்திக்கும் நடுவே உள்ள கோட்டினை ஓவியர்கள் வேண்டுமென்றே மெலிதாக வைத்தார்கள் என்பது என் எண்ணம். ஆண்டாளைப் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

"அவங்க கையில இருக்கிறது நம்ம வீணைதானே? ஏன் ரெண்டு குடம்?"

அது ருத்ரவீணை, அங்கே பீன் என்பார்கள். நீண்ட குழாய், அதன் கீழே இரண்டு பக்கமும் சுரைக்குடுக்கை. ஒரு குடுக்கை தோளில் சாயும். நம் தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் குடைந்தது. தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளோடு அது இன்றைய வடிவத்துக்கு வந்ததை 17ஆம் நூற்றாண்டு ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆகவே வடநாட்டுச் சிற்றோவியத்துச் சரஸ்வதியின் கையிலும் பீன்தான் இருக்கும்.

வாத்தியங்களைக் கவனிப்பது ஒரு தனிச் சுகம். நீண்ட மத்தளம் பகவாஜ். கைக்குள் அடங்கும் தாளம் மஞ்சீரா. ஹோலிப் படத்தில் ஒற்றைத் தோல் டஃப். இவை எல்லாம் ஓவியர் தம் ஊரில் கண்ணால் பார்த்தவை. கோகுலம் எந்த யுகத்தில் இருந்தாலும் வாத்தியம் ஓவியர் காலத்தது. தபலா ஓவியங்களில் தெளிவாகத் தலைகாட்டுவது 18ஆம் நூற்றாண்டில். எனவே "400 வருஷத்துப் படம்" என்று சொல்லி ஒருவர் காட்டினால் முதலில் தாளக்காரர் முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

விரலை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். வீணைக்காரி என்பதால் எனக்குக் கண் அங்கேதான் போகும். பல படங்களில் அந்த விரல்களை வைத்துக்கொண்டு ஒரு ஸ்வரம்கூட வாசிக்க முடியாது.

"பாடுறவங்க யாருமே வாயைத் திறக்கலையே?"

பெரும்பாலும் திறப்பதில்லை. பல் தெரிய வரைந்தால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, பாட்டைக் கையில் காட்டினார்கள். ஒரு கை முன்னால் நீண்டு ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பது போல இருந்தால் அவர் பாடுகிறார். ஊதுகிறவர்களிடம் இந்த நாசூக்கு இல்லை. குலேர் ஓவியர் நைன்சுக், நீண்ட கொம்பு ஊதுகிறவர்களை வரைந்த ஒரு படத்தில் கன்னங்கள் பந்து போல உப்பியிருக்கும். பார்க்கும்போது நமக்கே மூச்சு முட்டும்.

"ராசலீலைப் படத்துல ஏன் இத்தனை கண்ணன்? அதுல எது நிஜக் கண்ணன்?"

எல்லாமே. பாகவதத்தில் ராசலீலை ஐந்து அத்தியாயம், 29 முதல் 33 வரை. இரண்டிரண்டு கோபியருக்கு நடுவே ஒருவனாகக் கண்ணன் புகுந்துகொண்டான், ஒவ்வொருத்தியும் அவன் தன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்தாள் என்று அங்கே வருகிறது. "அங்கனாம் அங்கனாம் அந்தரே மாதவோ" என்ற லீலாசுகரின் சுலோகத்தைக் கச்சேரியில் கேட்டிருப்பீர்கள். ஒரு பெண், ஒரு மாதவன், ஒரு பெண், ஒரு மாதவன், வட்டத்தின் நடுவில் குழலோடு ஒருவன். படத்தின் அமைப்பு அந்தச் சுலோகமேதான்.

கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்தை மேலே வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி போட்டிருப்பார்கள். ஆடுகிறவர்களை மட்டும் எதிரே நின்று பார்க்கிற மாதிரி. இரண்டு பார்வையும் ஒரே தாளில். மேலே முழு நிலா, விமானத்திலிருந்து தேவர்கள் பூப்போடுவார்கள், துந்துபி அடிப்பார்கள். நிலா அசையாமல் நின்றுவிட்டது என்பதைக் காட்ட ஓவியர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, படத்தில் எல்லா நிலாவும் நிற்கத்தான் செய்யும்.

சிலப்பதிகாரம் படித்தவர்கள் இங்கே ஆய்ச்சியர் குரவையைக் கேட்பார்கள். கேட்கவேண்டியதுதான். மாதரி 7 பெண்களுக்கு 7 ஸ்வரங்களின் பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் பின்னை. ஆயர் பெண்கள் வட்டமாக ஆடுவதும் அதில் கண்ணன் இருப்பதும் இரண்டிலும் உண்டு. ஆனால் நம் வட்டத்தில் ஸ்வரமே ஆளாக நிற்கிறது. யாரும் அதைப் படமாக வரைந்து வைக்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு.

"அந்த ஆட்டம் கதக்தானே?"

கதக் என்று இன்று பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் ஆட்டம் லக்னோ, ஜெய்ப்பூர் அரசவைகளில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதற்கு முந்தைய படத்தில் ஒரு பெண் பாவாடை விரியச் சுழன்றதும் கதக் என்று பெயர் ஒட்டுவது அவசரம். அதன் முன்னோர் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

ராசலீலைப் படங்களுக்கு இன்னும் நெருங்கிய ஊற்று ஒன்று இருக்கிறது. பிருந்தாவனம், மதுரா பக்கம் சிறுவர்கள் கண்ணனும் ராதையுமாக வேஷம் கட்டி ஆடும் ராசலீலைக் கூத்து. அதில் கண்ணன் அடுக்கடுக்கான குட்டைப் பாவாடை கட்டுவான், காச்னி என்று பெயர். தலையில் பீலிக் கிரீடம். ஆடும் கண்ணனுக்கு ஓவியர்கள் பல படங்களில் அதே காச்னியைத்தான் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

"சிவன் ஆடுற படத்துல முயலகனைக் காணோமே? கை வேற ரெண்டுதான் இருக்கு."

அது நம் சிதம்பரத்து ஆட்டம் அன்று. மலைநாட்டு ஓவியர்கள் அதிகம் வரைந்தது கயிலையில் அந்தி வேளையில் ஆடும் ஆட்டம். பார்வதியை ரத்தின ஆசனத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் பார்க்க ஆடுகிறார். பிரதோஷ ஸ்தோத்திரத்தில் கச்சேரி விவரமே இருக்கிறது: சரஸ்வதி வீணை, இந்திரன் குழல், பிரம்மா தாளம், திருமகள் பாட்டு, திருமால் மத்தளம். இதை அப்படியே வரைந்த படங்கள் உண்டு. மத்தளம் என்றால் நந்தி என்று பழகிய நமக்குப் பெருமாள் மத்தளத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரு கணம் தடுமாறும்.

காலடியில் அசுரன் இல்லை, திருவாசி இல்லை, தூக்கிய திருவடியும் அதே நிலையில் இருக்காது. பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து இந்தப் படத்தைப் பாருங்கள், பொருத்தமாக இருக்கும்.

"பாகவதத்துல ராதை பேரே இல்லைங்கிறாங்க. அப்புறம் படம் பூரா ராதை எப்படி வந்தா?"

பெயர் இல்லைதான். கண்ணன் தனியே அழைத்துப்போன ஒருத்தி என்று மட்டும் வருகிறது. அவளைப் பெயரோடு நடுவில் நிறுத்தியதில் பெரும் பங்கு 12ஆம் நூற்றாண்டு ஜெயதேவரின் கீத கோவிந்தத்துக்கு. 24 பாட்டு, பெரும்பாலும் 8 சரணம் என்பதால் நமக்கு அஷ்டபதி. ஒவ்வொரு பாட்டுக்கும் ராகமும் தாளமும் அவர் நூலிலேயே குறித்திருக்கிறது. 'லலித லவங்க' என்று தொடங்கும் மூன்றாம் பாட்டுக்கு வசந்த ராகம். பழைய மெட்டு போய்விட்டது. நம் பஜனை சம்பிரதாயத்தில் பாடும் மெட்டுகள் பிற்காலத்தவை.

இதைப் படமாக்கியவர்களில் இருவேறு மனசு தெரியும். குலேரின் மாணக்கு 1730இல் வரைந்தது ஒரு விதம்: தட்டையான அழுத்த வண்ணம், அளவான மரங்கள், கவிதையின் ஒவ்வொரு உவமையையும் விடாமல் பிடிக்கும் பிடிவாதம். சுமார் 1775இல், அவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறை வரைந்தது இன்னொரு விதம்: யமுனைக் கரை, நிலவொளி, கொடி பின்னிய மரங்கள், அதற்குள் ராதையும் கண்ணனும். அழகு இரண்டாவதுதான், எல்லாரும் அதையே அச்சடிக்கிறார்கள். பாட்டுத் தெரிந்தவர்கள் மாணக்குவைப் பார்க்க வேண்டும். சரணத்துக்குச் சரணம் கூடவே வருவார்.

"இந்து சாமி படத்தை முஸ்லிம் ஓவியர் வரைஞ்சாராமே, நிஜமா?"

நிஜம்தான், அபூர்வமும் இல்லை. மேவாரில் 1605இல் சாவண்டில் ராகமாலா வரைந்தவர் நசிருத்தீன். 1628இல் இன்னொரு ராகமாலாவும் மறுவருடம் கீத கோவிந்தமும் வரைந்தவர் சாஹிப்தீன். ராமாயணத்திலும் அவர் கை உண்டு. பீஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா ஒரு படி மேல். இசைப் பைத்தியம். தம் தம்பூருக்கு மோத்திகான் என்று பெயர் வைத்திருந்தார், சரஸ்வதியையும் கணபதியையும் பாடினார். அவருக்காக ஃபரூக் உசேன் வரைந்த சரஸ்வதி படத்தில், இப்ராஹிமின் தந்தை கணபதி, தாய் தூய சரஸ்வதி என்ற பொருளில் எழுதியிருக்கிறது.

"எல்லாப் பொண்ணுக்கும் ஏன் ஒரே முகம்?"

முகம் ஆளைக் காட்டாது, பட்டறையைக் காட்டும். சரிந்த நெற்றியும் பெரிய தாமரைக் கண்ணும் பசோலி. வில்லாக வளைந்து காதுவரை ஓடும் கண்ணும் கூர்மூக்கும் கிஷன்கர். நெற்றியும் மூக்கும் ஏறக்குறைய ஒரே கோடாக இறங்கினால் காங்க்ரா.

"நம்ம தஞ்சாவூர்ப் படமும் இதுவும் ஒண்ணுதானே? தங்கம்கூட இருக்கே."

வேறு வேறு. தஞ்சாவூர்ப் படம் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவையால் மேடுகட்டி, தங்க ரேக்கும் கல்லும் பதித்தது. சுவரில் மாட்டிக் கும்பிடுவதற்கு. சிற்றோவியம் கையில் வைத்துப் பார்க்க. துணியில் கட்டி அரண்மனைப் பொத்தகசாலையில் வைத்திருப்பார்கள். எடுத்தால் நாலைந்து பேர் நெருங்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கைமாற்றிப் பார்ப்பார்கள், செய்யுளை யாராவது படிப்பார்கள். பூஜையில் வைத்தார்களா என்று சிலர் கேட்பதற்கும் இதுதான் பதில்: பொதுவாக இல்லை.

தமிழ்நாட்டில் ராகமாலா மரபு வேரூன்றவில்லை. இங்கே பாட்டும் ஆட்டமும் சுவரில் ஏறின. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் சுந்தரர் கயிலை போகும் சோழர் ஓவியத்தில் ஆடும் பெண்களும் வாத்தியக்காரர்களும் இருக்கிறார்கள். ராகத்தையும் நாம் குடும்பமாக்கவில்லை. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் உட்கார்ந்து 72 மேளம் என்று கணக்கெழுதினார். அவர்கள் மனைவி மக்கள் என்று பிரித்ததை நாம் ஸ்வரஸ்தானம் என்று பிரித்தோம். எனக்கு இரண்டும் வேண்டும்.

"ஜெய்ப்பூர் போனப்ப பழைய ராகமாலாப் படம்னு ஒரு கடையில காட்டினாங்க. வாங்கியிருக்கலாமா?"

நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன். பழுப்பேறிய தாள், பின்னால் உருதுவில் ஏதோ எழுத்து, 200 வருடம் என்றார் கடைக்காரர். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். தாள் பழசுதான். ஏதோ ஒரு கணக்கேட்டின் பக்கம். முன்னால் இருக்கும் தோடியும் மான்களும் புதுசு. ஒரு மான் மட்டும் மிக அழகாக வந்திருக்கிறது, அதற்காக இன்னும் மாட்டிவைத்திருக்கிறேன். அழகுக்காக, இன்று வரைந்தது என்று தெரிந்து வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். நிஜமாகவே 100 வருடத்துக்கு மேற்பட்ட ஓவியம் என்றால் அது தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

"அப்ப நிஜமானதை எங்கே பார்க்கலாம்?"

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் எல்லா ஊர்ப் படமும் ஓரளவு கிடைக்கும். மாணக்குவின் கீத கோவிந்த ஏடுகளுக்குச் சண்டிகர் அரசு அருங்காட்சியகம். பிரிவினையின்போது லாகூர் அருங்காட்சியகத்தின் தொகுப்பைப் பங்கிட்டதில் இந்தியாவுக்கு வந்த பகுதி அங்கேதான் இருக்கிறது. வாரணாசியில் பாரத் கலா பவன், சம்பாவில் பூரி சிங் அருங்காட்சியகம். குமாரசுவாமி சேர்த்தவற்றில் பெரும்பகுதி 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அவர்கள் இணையத்தில் நல்ல தெளிவோடு போட்டிருக்கிறார்கள்.

வண்ணம் மங்கிவிடும் என்று எங்கும் மங்கலான வெளிச்சத்தில்தான் வைத்திருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவராமல் நாலு படத்தை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். முதலில் மேலே எழுத்து இருக்கிறதா, அப்புறம் கையில் என்ன வாத்தியம், அப்புறம் கேட்கிறவர்கள் யார், மானா, மயிலா, தோழியா. பாடுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களைப் பார்க்கத் தொடங்கினால் ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் போதாது.